நிலம் மலிவு என்பதற்காக ஆலை வராது: தருமபுரி தொழிற்பூங்காவைத் திட்டமிடும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

நல்லம்பள்ளி வட்டத்தில் 1,700 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் தொழிற்பூங்கா வரப்போகிறது என்று பத்தாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறோம். அங்கே முதலில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் வருகிற பதிலின் வரிசை மாறுவதே இல்லை: மனை பிரிப்பு, உட்சாலை, பெயர்ப்பலகை, ஒதுக்கீடு. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் எல்லாம் கம்பெனிகள் வர வரப் பார்த்துக்கொள்ளலாமாம். நிலம் மலிவு, நான்குவழிச் சாலை பக்கத்தில், அரசு சலுகை உண்டு, ஆகவே கம்பெனிகள் தாமாக வந்துவிடும் என்ற நம்பிக்கை இந்த வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஜாப் ஒர்க், லாரி புக்கிங், மின் பராமரிப்பு, மாங்கூழ்ப் பதப்படுத்தல் என்று இந்த மாவட்டத்துத் தொழிலை உள்ளிருந்து பார்க்கிறவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கையை எங்களால் வாய்மூடி ஏற்க முடியவில்லை.

ஏனென்றால், இதே மாவட்டத்தில் அது ஏற்கெனவே ஒரு முறை சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம், தொழிலில் பின்தங்கியது என்ற பெயரில் சலுகை பெற்றது. 1970களில் ஓசூரில் அரசின் சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. கோப்பில் அத்தனையும் தருமபுரி மாவட்டத்து ஆலைகள்தாம். ஆனால் அவை பென்னாகரத்திலோ அரூரிலோ காரிமங்கலத்திலோ நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில், மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் நின்றன. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதனோடு போனது. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரை வைத்து வந்த ஆலைகள் அந்தப் பெயருக்குரிய மாவட்டத்திலேயே இல்லாமல் போயின.

இதில் கம்பெனிகள் மேல் குற்றமில்லை. சலுகை மாவட்டம் முழுவதற்கும் ஒன்றுதான் என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் வசதியான மூலையைத்தான் எவரும் தேர்ந்தெடுப்பார்கள். ஓசூருக்குப் பக்கத்துப் பெங்களூரில் எச்ஏஎல், எச்எம்டி, பிஇஎல் போன்ற பொதுத்துறை ஆலைகள் பல பத்தாண்டுகளாக டூல் மேக்கர்களையும் ஃபிட்டர்களையும் உருவாக்கி வைத்திருந்தன. உதிரிபாகக் கடை, அளவுக்கருவி சரிபார்க்கும் கூடம், வங்கி, விமான நிலையம் எல்லாம் ஒரு மணி நேரத்தில். தமிழ்நாட்டு நிலமும் தமிழ்நாட்டுச் சலுகையும் வாங்கிக்கொண்டு பெங்களூரின் வசதியில் தொழில் நடத்த முடிந்தது. தருமபுரி நகருக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கையும் சலுகைக்காக மாவட்டங்களை ஏ, பி, சி என்றுதான் பிரித்தது. ஓசூரும் ஊத்தங்கரையும் ஒரே மாவட்டம் என்பதால் ஒரே தரம். இரண்டும் ஒன்றா என்று அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிருஷ்ணகிரியில் சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று ஆலைகள் மெல்லத் தெற்கே இறங்கியிருப்பது உண்மைதான். போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் மின்ஸ்கூட்டர் செய்யும் ஓலா வரவில்லையா என்று கேட்பீர்கள். அவ்வளவு பெரிய கம்பெனி தன் துணைத் தொழில்களையும் கூடவே அழைத்துக்கொண்டு வரும். அரசும் அதற்காகவே கம்பி இழுத்து, குழாய் போட்டுக் கொடுக்கும். இரண்டு ஏக்கரில் பத்து சிஎன்சி வைக்கிறவருக்கு அந்த வலிமை கிடையாது. பூங்காவை நிரப்பப்போவது அப்படிப்பட்டவர்கள்தாம்.

அந்தச் சிறுதொழில்காரர் போடுகிற கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஓசூரில் வாங்குவதற்குப் பதில் தருமபுரியில் மனை வாங்கினால் ஒரு கோடி ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி வட்டி 11 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 11 லட்சம் லாபம். அவருடைய வாடிக்கையாளர் ஓசூரில் இருக்கிறார். போக வரச் சுமார் 190 கிலோமீட்டர். சிறிய சரக்கு வண்டிக்கு டீசல், டிரைவர், சுங்கம் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 27 ரூபாய் என்றாலும் ஒரு நடைக்கு 5,000 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 15 லட்சம். மலிவு நிலத்தில் கிடைத்த லாபம் இந்த ஒரு வண்டியிலேயே கரைந்து, மேலும் 4 லட்சம் கையிலிருந்து போகிறது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. கடைந்த பாகம் அப்படியே விற்பனைக்குப் போவதில்லை. ஹீட் ட்ரீட்மென்ட் (வெப்பப் பதப்படுத்தல்) செய்ய வேண்டும், கிரைண்டிங் போட வேண்டும், பிளேட்டிங் (முலாம்) ஏற்ற வேண்டும். இவை பக்கத்தில் இல்லையென்றால் ஒரே பாகம் ஓசூருக்குப் போய், திரும்பி வந்து, பரிசோதனை முடிந்து, மறுபடி ஓசூருக்கே போகும். துத்தநாகப் பூச்சு 8 மைக்ரான் கேட்ட இடத்தில் 6 நின்றால் அந்த லாட் மொத்தமும் இன்னொரு நடை. அதிக வலிமையுள்ள போல்ட்டுகளில் சிக்கல் இன்னும் பெரிது. 12.9 தரத்துப் போல்ட்டுக்கு அமிலக் கழுவலும் மின்முலாமும் கொடுக்கும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து அதை எளிதில் உடையக்கூடியதாக்கிவிடும். முலாம் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் அடுப்பில் வைத்து, பல மணி நேரம் சுட்டு அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். தாமதமானால் பார்வைக்குப் போல்ட் பளபளவென்று இருக்கும், பரிசோதனையிலும் தேறும். வண்டியில் முறுக்கி ஒரு நாள் கழித்துத் தலை தனியாகத் தெறிக்கும். முலாம் தொட்டி ஓர் ஊரிலும் அடுப்பு இன்னோர் ஊரிலும் இருந்தால் இந்த வேலையை எடுக்கவே முடியாது. துணைத் தொழில்கள் ஓரிடத்தில் குவிந்தால்தான் அடுத்த ஆலை வரும் என்பதற்குக் காரணம் இப்படிப்பட்ட நான்கு மணி நேரங்கள்தாம்.

எந்தப் பொருளைத் தேடுவது என்பதிலும் திட்டம் மௌனமாக இருக்கிறது. சீட், பெட்ரோல் டேங்க், பம்பர், பிளாஸ்டிக் மூடி போன்றவை எடை குறைவு, இடம் அதிகம். லாரியின் எடை வரம்பு பாதி எட்டுவதற்குள் உள்ளே இடம் தீர்ந்துவிடும். கம்பெனிகள் இவற்றை ஒரே நாளில் பல தடவை, கலர் வரிசைப்படி கேட்கின்றன. ஆகவே இவை பாகங்களைச் சேர்த்து வண்டி உருவாக்கும் ஆலையின் வாசலிலேயே உட்காரும். இழுத்தாலும் தருமபுரிக்கு வராது. பற்சக்கரம், ஷாஃப்ட், போர்ஜிங் (அடித்து வடித்த உலோகப் பாகம்), ஃபாஸ்ட்னர் (போல்ட், நட்) போன்றவை கனம். சிறிய இடத்தில் டன் கணக்கில் ஏறும், வாரத்துக்கு இரண்டு நடை போதும். ஒயரிங் ஹார்னஸ் (வண்டியின் மின்கம்பித் தொகுப்பு) எடை குறைந்ததுதான், ஆனால் கைவேலை அதிகம். ஆள் இருக்கும் ஊரைத் தேடி அது வரும். தருமபுரி குறிவைக்க வேண்டியது இந்த இரண்டு வகையை. வாகன உதிரிபாகம் என்று ஒற்றைத் தலைப்பில் எல்லாரையும் அழைப்பது பயன்தராது.

மின்சாரத்துக்கு வருவோம். சிஎன்சி இயந்திரத்துக்கு அறிவித்த மின்வெட்டை விட மின்னழுத்தச் சரிவு கெடுதல். முன்கூட்டிச் சொன்ன வெட்டு என்றால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். கண் சிமிட்டும் நேரம் அழுத்தம் சரிந்தால் டிரைவ் (மோட்டாரை இயக்கும் கருவி) டிரிப் ஆகி, சுற்றிக்கொண்டிருந்த பாகத்துக்குள்ளேயே டூல் நின்றுவிடும். இன்சர்ட் (வெட்டும் முனை) உடையும், பாகம் ஸ்கிராப், ஸ்பிண்டில் (சுழலும் அச்சு) அடிவாங்கினால் லட்சக்கணக்கில் செலவு. பிளாஸ்டிக் மோல்டிங்கில் பேரலுக்குள் இருக்கும் பொருள் சூட்டில் கெட்டுப்போகும். பிவிசி என்றால் கருகி அமில வாயு விட்டு ஸ்குரூவையே அரிக்கும். நம் பக்கத்துக் கிராமத்து ஃபீடர்கள் (துணைமின்நிலையத்திலிருந்து வரும் மின்தடங்கள்) நீளமானவை. பம்புசெட்டுகளும் அதே கம்பியில், புளியமரக் கிளைகளும் அதே கம்பியின் மேல். ஆடிக்காற்றில் நாளொன்றுக்கு எத்தனை முறை டிரிப் ஆகிறது என்பதைத் துணைமின்நிலையப் பதிவேடே சொல்லும். உயரழுத்த இணைப்பு வாங்கியவர் இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒப்பந்தத் தேவையில் (வாங்குவதாக ஒப்புக்கொண்ட மின்திறனில்) 90 சதவீதத்துக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும். அப்படிக் கட்டிவிட்டு டிரிப்புக்கும் இழப்புக் கொடுப்பவர் இரண்டாம் ஆண்டு இங்கே இருக்கமாட்டார்.

தண்ணீர் விஷயத்தில்தான் எங்களுக்கு அச்சம் அதிகம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறது. குழந்தைகளின் பற்களில் கறையாகவும் பெரியவர்களின் முட்டியில் வலியாகவும் அதைப் பார்த்த பிறகுதான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; 2013இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. அது குடிக்க வந்த தண்ணீர். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 10,000 பேர் வேலை செய்தால் குடிக்கவும் கழுவவும் மட்டும் 4.5 லட்சம் லிட்டர். பெயின்ட் வரிசையில் கடைசிக் கழுவலுக்கு உப்பு அறவே நீக்கிய நீர் வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு கொப்புளிக்கும். பாய்லரில் கடின நீர் ஊற்றினால் குழாயில் சுண்ணாம்பு படியும். இதற்கெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு ஆர்ஓ வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் என்ன நடக்கும்? 100 லிட்டர் எடுத்தால் நல்ல நீர் 65 லிட்டர் கிடைக்கும். மீதி 35 லிட்டரில் உப்பும் ஃபுளோரைடும் திரண்டு நிற்கும். கிணற்று நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால் கழிவில் 8க்கு மேல். குடிநீரில் பொறுத்துக்கொள்ளும் உச்ச வரம்பே 1.5தான். இந்தக் கழிவு நீரை ஓடையிலோ குழியிலோ விட்டால், அடுத்த ஊர்க் கிணற்றில் அது திரும்ப வரும். எந்த நோய்க்காக இத்தனை கோடி செலவு செய்தோமோ, அதே நோயைத் தொழிற்பூங்காவின் வேலியோரத்தில் புதிதாக வளர்ப்பதாகும்.

வேறு வழி இருக்கிறது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நகரக் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் மூலம் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் அந்த நீரில் ஓடுகின்றன. தருமபுரி நகராட்சிக் கழிவுநீரைச் சிறிய அளவில் அதே முறையில் எடுத்தால் பூங்காவின் தொடக்கத் தேவைக்குக் கைகொடுக்கும்.

இங்கே விளைவதை வைத்துத் தொழில் தொடங்கலாமே என்ற பேச்சும் அடிக்கடி எழுகிறது. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி கொட்டிக் கிடக்கிறது, ஏன் ஒரு பேஸ்ட் ஆலை இல்லை என்று கேட்காதவர் இல்லை. காரணம் எளிது. நம் விவசாயிகள் போடுவது சமையலுக்கான ஹைபிரிட். அதில் கரையும் திடப்பொருள் 4.5 பிரிக்ஸ், அதாவது நூறு கிராமுக்கு 4.5 கிராம் அளவில்தான் இருக்கும். பேஸ்ட்டுக்கு 28 பிரிக்ஸ் வேண்டும். கணக்குப்படி ஒரு கிலோ பேஸ்ட்டுக்கு 6.2 கிலோ பழம். தோல், விதை, அழுகல் சேர்த்தால் 7 கிலோ. அந்தத் தண்ணீரை எல்லாம் ஆவியாக்க எரிபொருள் வேறு. மண்டியில் கிலோ 50 ரூபாய் விற்கும்போது ஆலைக்கு யாரும் காய் தரமாட்டார்கள். 3 ரூபாய்க்கு இறங்கியவுடன் எல்லாரும் ஒரே நாளில் கிரேட்டோடு வாசலில் நிற்பார்கள். ஆலை இரண்டு நாளிலும் நஷ்டப்படும். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் நிலைத்தது எப்படி? பெங்களூரா மாங்காய் கூழுக்கே ஏற்ற ரகம். கிட்டத்தட்டப் பாதி தோலும் கொட்டையுமாகப் போவதால் தோட்டத்துப் பக்கத்தில் ஆலை வைப்பதே லாபம். ஆனாலும் சீசன் முடிந்தால் மாதக்கணக்கில் பாய்லர் குளிர்ந்து கிடக்கிறது. அதே ஆலையில் மற்ற மாதங்களில் தக்காளி ஓட்ட வேண்டுமானால், பதப்படுத்துவதற்கான ரகத்தை, முன்கூட்டிப் பேசிய விலைக்கு, வாரம் பிரித்து நடச் சொல்ல வேண்டும். அது தோட்டக்கலைத் துறையும் தொழில்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை. உணவுப் பூங்கா என்று பலகை வைப்பதால் நடக்காது.

பட்டுக்கூட்டிலும் இதே கதை. கூடு இங்கே விளைகிறது, நூல் எடுப்பவர்கள் கர்நாடகத்து ராமநகரத்தில் திரண்டிருக்கிறார்கள். கூடு அங்கே போகிறது.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை என்பீர்கள். உண்மை. தருமபுரிக்காரர்கள் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பெங்களூர்க் கட்டட வேலையிலும் ஓசூர் ஆலைகளிலும் இருக்கிறார்கள். ஆனால் ஆபரேட்டரை மூன்று மாதத்தில் பழக்கலாம். புரோகிராமைத் திருத்தி, ஆஃப்செட் போட்டு, முதல் பாகத்தை அளவுக்குள் கொண்டுவரும் செட்டருக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். டூல் ரூம் ஆளுக்கு இன்னும் அதிகம். நம் ஐடிஐ முடித்த பையன் ஓசூரில் செட்டர் ஆகிவிட்டால் அங்கேயே வீடு பார்த்துவிடுகிறான். ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, அதியமான்கோட்டை வழியான சாலையை ஆலைகளை இங்கே கொண்டுவரும் வழியாகவே பேசுகிறீர்கள். அதே சாலையில்தான் ஓசூர்க் கம்பெனி பஸ் இன்னும் உள்ளே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். இங்கே வேலை இல்லாதவரை நல்ல சாலை ஊரைக் காலி செய்யவும் உதவும்.

சரக்குக்கு இன்னொரு தடை உண்டு. லாரி வாடகையைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமல்ல, ரிட்டர்ன் லோடும்தான். சென்னையிலிருந்து ஓசூருக்கு இரும்புத் தகடு ஏற்றி வரும் வண்டி, திரும்பும்போது உதிரிபாகம் ஏற்றும். தருமபுரிக்கு வரும் சரக்கு குறைவு என்பதால் இங்கே ஏற்ற வரும் வண்டி காலியாக வந்த தூரத்தையும் நம் பில்லில் சேர்த்துவிடும். ஏற்றுமதிக்கு என்றால் காலி கண்டெய்னரை வெளியூரிலிருந்து இழுத்து வர வேண்டும். தூத்துக்குடிக்குப் போக தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் டிரம் சூடேறிப் பிடிக்காமல்போய் நடக்கும் விபத்துகளில் நெடுஞ்சாலை மணிக்கணக்கில் அடைபடுவது எல்லாருக்கும் தெரியும். அங்கே உயர்மட்டச் சாலை வருவது நல்லது. ரயிலோ இன்னும் மோசம். சென்னை, சேலம் முதன்மைப் பாதையிலுள்ள மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 36 கிலோமீட்டர். அந்தக் காலத்துக் குறுகிய ரயில் பாதை 1941இல் மூடப்பட்டது. புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலமெடுப்பு எந்த வேகத்தில் போகிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

முதல் மனையை ஒதுக்கும் முன்பே, பூங்காவுக்குள் இருபது ஏக்கராவது பொது வசதி மையத்துக்கு ஒதுக்குங்கள். முலாம் தொட்டி, அதையொட்டியே சுடும் அடுப்பு, வெப்பப் பதப்படுத்தல், டூல் கிரைண்டிங், அளவுக்கருவி சரிபார்ப்பு ஆகிய ஐந்தும் அங்கே இயங்கத் தொடங்கிய பிறகே சிறுதொழில் மனைகளை விற்பனைக்கு அறிவியுங்கள். முலாம் கழிவுக்கான சுத்திகரிப்பு நிலையத்தை அந்த மையத்தின் பகுதியாகவே கட்டுங்கள். பெரிய மனைகளுக்கு நடுவே 25 சென்ட், 50 சென்ட் மனைகளும் இருக்கட்டும்.

பூங்காவுக்கென்று தனித் துணைமின்நிலையம் வேண்டும்; அதற்கு இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து மின்வரத்து வேண்டும்; விவசாய இணைப்பு எதுவும் கலக்காத ஃபீடர்கள் வேண்டும். மாதந்தோறும் எத்தனை முறை டிரிப் ஆனது, எவ்வளவு நேரம் என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள்.

ஒகேனக்கல் குடிநீரிலிருந்து ஒரு லிட்டரும் தொழிற்சாலை உற்பத்திக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி தாருங்கள். பூங்காவுக்குள் தனியார் ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி வேண்டாம். நகராட்சிக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொடுக்கும் திட்டத்தை மனைப் பிரிப்போடு சேர்த்தே ஒப்பந்தம் விடுங்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளின் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவை இப்போதே எடுத்து வையுங்கள். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். இப்போதைய அளவு கையில் இல்லாவிட்டால் நாளை யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது.

சலுகையின் தரத்தை மாவட்டவாரியாக வைக்காமல் வட்டவாரியாக மாற்றப் பரிந்துரை செய்யுங்கள். ஊத்தங்கரை போன்ற வட்டங்கள் ஓசூரோடு ஒரே தட்டில் நிறுக்கப்படக் கூடாது.

மொரப்பூர் பாதைக்கான நிலமெடுப்பில் மாநிலத்தின் பங்கை எந்த மாதத்துக்குள் முடிப்பீர்கள் என்று அறிவியுங்கள். தருமபுரி நிலையத்தில் சரக்குக் கொட்டகைக்கும், பூங்கா வாசலில் லாரி நிறுத்தத்துக்கும், காலி கண்டெய்னர் தளத்துக்கும் வரைபடத்திலேயே இடம் குறியுங்கள்.

மாவட்டத்து அரசு ஐடிஐக்களில் செட்டர், டூல் ரூம், இயந்திரப் பராமரிப்புப் பயிற்சிகளை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதில் முதல் இடம் தர வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பதை அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன் நல்லம்பள்ளி வட்டத்து ஊராட்சிகளுக்கு எழுத்தில் அனுப்பி, சபையில் வாசிக்கச் செய்யுங்கள். அதுவரை மனை ஒதுக்கீட்டை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு வட்டங்களில் சிறுதொழில், சரக்குப் போக்குவரத்து, ஆலைப் பராமரிப்பு வேலைகளில் இருப்போர்